40 ஆம்பியர் போட்டால் தீரும் என்று நம்பினேன்

சென்ற கோடையில் இரவு ஒன்பது மணி என்றாலே எனக்கு ஒரு வேலை காத்திருக்கும். இரண்டு அறைகளிலும் ஏசி ஓடும், மனைவி இண்டக்‌ஷன் அடுப்பில் பால் வைப்பார், அந்த நேரம் பார்த்து நான் மோட்டாரைப் போடுவேன். கால் மணி நேரத்தில் மெயின் எம்சிபி, அதாவது பளு மிஞ்சினால் தானே மின்சாரத்தை நிறுத்தும் சுவிட்ச், விழுந்துவிடும். டார்ச்சுடன் மாடிப்படிக்கு அடியில் குனிந்து, எம்சிபி இருக்கும் டிபி பெட்டியைத் திறந்து அதைத் தூக்கிவிட்டு வருவேன். திருச்சி வெயிலுக்கு ஏசியை நிறுத்தவும் மனம் வராது.

அழைத்த எலக்ட்ரீஷியன் பெட்டியைப் பார்த்ததும், "25 ஆம்பியர்தான் இருக்கிறது சார், 40 போட்டுவிடலாம்" என்றார். ஒயர் தாங்குமா என்று கேட்டேன். "செவன் ட்வென்டி சார், யானையையே கட்டலாம்" என்றார். பத்து நிமிட வேலை. அதன்பின் இரண்டு மாதம் எம்சிபி விழவே இல்லை. அவரை நாலு பேரிடம் சிபாரிசு வேறு செய்தேன்.

பிறகு ஒருநாள் படிக்கட்டுப் பக்கம் பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. மெயினை நிறுத்திவிட்டு மூடியைக் கழற்றிப் பார்த்தால், எம்சிபிக்குள் நுழையும் சிவப்பு ஒயர் ஒரு விரல் நீளத்துக்குக் காப்பிக்கொட்டை நிறமாகியிருந்தது. தொட்டதும் உறை பொரிபொரியாக உதிர்ந்தது.

அன்றுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எலக்ட்ரீஷியன் சொன்ன 'செவன் ட்வென்டி', அதாவது 7/20 என்றால் 20ஆம் கேஜ் கம்பி ஏழு இழை. ஓர் இழையின் விட்டம் 0.914 மில்லிமீட்டர், ஏழையும் சேர்த்தால் சுமார் 4.6 சதுர மில்லிமீட்டர். கடையில் இதை 4 ஸ்கொயர் எம்எம்முக்கு ஈடாகத்தான் சொல்வார்கள். குழாய்க்குள் போகும் 4 ஸ்கொயர் செம்பு ஒயருக்குத் தயாரிப்பாளர்களின் அட்டவணை தருவது 24 ஆம்பியர். என் வீட்டிலோ ஏசிகளுக்கு 15, அடுப்புக்கு 8.7, மோட்டாருக்கு 5, மின்விசிறி, ஃபிரிட்ஜ், விளக்குகளுக்கு 3 என்று மொத்தம் 32 ஆம்பியர் ஓடியிருக்கிறது. 25 ஆம்பியர் எம்சிபி விழுந்து விழுந்து காட்டியது இதைத்தான். அது காவல் காப்பது ஏசியையோ அடுப்பையோ அல்ல, சுவருக்குள் இருக்கும் ஒயரை. 40 போட்டு அந்தக் காவலாளியைத் தூங்கவைத்திருந்தோம்.

மீட்டரிலிருந்து டிபி வரை 18 மீட்டர் தூரம். போக வர 36 மீட்டர். 4 ஸ்கொயருக்கு இந்த நீளத்தில் மின்தடை ஏறத்தாழ 0.18 ஓம். 30 ஆம்பியர் ஓடினால் 160 வாட் வெறும் சூடாக ஒயரிலேயே கரைகிறது. அதைவிடத் தடிமனான 10 ஸ்கொயரில் அது 62 வாட்தான்.

ஒயரை மட்டும் மாற்றி முடித்துவிடலாம் என்றால் அதுவும் முடியாது. வாட்டர் ஹீட்டரையும் சேர்த்தால் வீட்டின் மின்பளு 8 கிலோவாட்டுக்கு மேல் வந்தது. தமிழ்நாட்டில் ஒருமுனை (சிங்கிள் ஃபேஸ்) இணைப்புக்கு 4 கிலோவாட்தான் வரம்பு. எனவே மின்வாரியத்தில் மும்முனைக்கு (மூன்று ஃபேஸ்) விண்ணப்பித்தேன். அந்தக் கதையில் அலைச்சலைத் தவிர வேறு ஒன்றும் இல்லை.

மும்முனைக்கு வேறு எலக்ட்ரீஷியன் வந்தார், வயதானவர். மூன்று ஃபேஸுக்கும் பளு பிரிந்துவிடுவதால் 6 ஸ்கொயரே போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஒரு ஃபேஸ் போனால் என்ன செய்வீர்கள் தம்பி?" வேறென்ன, ஊரில் எல்லோரும் செய்வதுபோல சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்பி இருக்கிற ஃபேஸுக்கு மாற்றுவேன். "அப்போது முழு வீடும் அந்த ஒரே ஒயரில்தானே தொங்கும்?" பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. 6 ஸ்கொயர் குழாய்க்குள் தாங்குவது 31 ஆம்பியர், 10 ஸ்கொயர் தாங்குவது 42. 32 ஆம்பியர் பளு, அதற்கு 32 ஆம்பியர் எம்சிபி, அதற்கும் மேலே ஒயர் என்று வரிசை சரியாக அமைய 10தான் வேண்டும். மின்சாரம் திரும்பிப் போகும் ஒயரான நியூட்ரலும் அதே 10. நியூட்ரல்தானே, கொஞ்சம் மெல்லியதாக வாங்கலாமே என்று கடையில் ஒருவர் யோசனை சொன்னார். மும்முனையில் நியூட்ரல் அறுந்தால் 230 வோல்ட்டுக்குச் செய்த டிவியின் தலையில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். கஞ்சத்தனம் காட்டுகிற இடம் அதுவல்ல.

18 மீட்டர் வீதம் ஐந்து ஒயர், ஆக 90 மீட்டர். கடையில் விற்கும் ஒரு ஒயர் சுருளும் 90 மீட்டர்தான். அடடா என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்று ஐந்து நிறம் வேண்டும். பெட்டிக்குள் வளைக்கவும் நுனி சீவவும் உபரி வேண்டும். நிறத்துக்கு இருபது மீட்டராக வெட்டித் தரும் கடையைத் தேடி இரண்டு நாள் சுற்றினேன். பழைய முக்கால் அங்குலக் குழாயில் இவை நுழையாது என்பதால் சுவரோரம் ஒன்றேகால் அங்குலக் குழாய் புதிதாகப் போனது. பெரியவர் ஒவ்வொரு நுனியிலும் லக் என்ற உலோக முனையை வைத்து அழுத்தி, திருகை இறுக்கி, ஒயரை இழுத்துப் பார்த்து, பிறகு மறுபடியும் ஒரு சுற்று இறுக்கினார்.

இணைப்பு வந்த இரவே எல்லாவற்றையும் ஓடவிட்டு, ஒயரைக் கவ்வி ஆம்பியரைக் காட்டும் கிளாம்ப் மீட்டர் வைத்தார். சிவப்பில் 24, மஞ்சளில் 5, நீலத்தில் 3. இரண்டு ஏசியும் அடுப்பும் ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தன. முகத்தைச் சுளித்துக்கொண்டே மெயினை நிறுத்தி, ஓர் ஏசியை மஞ்சளுக்கும் அடுப்பை நீலத்துக்கும் மாற்றினார். மறுபடி வைத்தபோது 8, 12, 12. பால் அதற்குள் ஆறிப்போயிருந்தது.