ஆறு நிமிடத்தைப் பதினோரு இரவு பார்த்தேன்

எங்கள் குறும்படம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, முன்வரிசையில் மூன்று பேர் கைபேசியை எடுத்துவிட்டார்கள். தெரிந்தவர்கள் இருபது பேரை ஒரு மாடி அறையில் உட்காரவைத்துப் போட்டுக் காட்டிய நாள் அது. படம் மொத்தம் பதினான்கு நிமிடம். மின்சாரம் பாய்ந்தாலும் ஒன்றும் ஆகாத ஒரு லைன்மேனின் கதை. எங்களால் முடிந்த அளவில் ஒரு சூப்பர்ஹீரோ படம். எடிட்டிங் என் பொறுப்பு. அவனுடைய சிறு வயது, இடி விழுந்த பனைமரம், பாட்டியின் குரலில் விளக்கம் என்று எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே வைத்திருந்தேன். பார்த்தவர்களிடம் கேட்டால், "ஆரம்பம் கொஞ்சம் மெதுவா இருக்கு" என்று மட்டும் சொன்னார்கள். ஷாட்களை நறுக்கி வேகமாக்கினேன். நாற்பது நொடி குறைந்தது. அடுத்த முறை போட்டபோதும் அதே இடத்தில் கைபேசிகள் வெளியே வந்தன.

அப்புறம்தான் 'தி டார்க் நைட்' படத்தின் முதல் காட்சியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிறிஸ்டோபர் நோலன் இயக்கி 2008இல் வந்த பேட்மேன் படம். தொடக்கமே ஒரு வங்கிக் கொள்ளை, ஏறக்குறைய ஆறு நிமிடம். எத்தனை முறை பார்த்தாலும் அது என்னை இழுத்துக்கொண்டு போய்விடும். ஏன் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இந்த முறை ஒரு நோட்டு வாங்கி, இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டேன். அது பதினோரு இரவு ஆனது.

முதல் இரண்டு இரவும் சத்தத்தை முழுக்க நிறுத்திவிட்டுப் பார்த்தேன். முதலில் கண்ணில் பட்டது வெயில். வௌவால் மனிதனின் படம், நல்ல பகல் வெளிச்சத்தில் தொடங்குகிறது. கண்ணாடிக் கட்டடம் ஒன்றை நோக்கிக் கேமரா வானத்திலிருந்து மெதுவாக நகர்கிறது. எந்த அவசரமும் இல்லை. திடீரென்று ஒரே ஒரு ஜன்னல் வெளிப்பக்கமாக உடைந்து சிதறுகிறது. நான் 'வேகம்' என்று நினைத்துக்கொண்டிருந்தது அங்கே இல்லவே இல்லை. அமைதியாக இருக்கும் இடத்தில் ஒரு சின்ன உடைப்பு, அவ்வளவுதான். அதற்குப் பிறகு நம் கண் திரையை விட்டு நகராது.

அடுத்து வரும் தெருமுனை ஷாட்டை மட்டும் நாற்பது முறையாவது ஓட்டியிருப்பேன். ஒரு ஆள் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான். தோள் கொஞ்சம் சரிந்திருக்கிறது. தொங்கவிட்ட கையில் ஒரு கோமாளி முகமூடி. கேமரா அவன் பின்னாலிருந்து மெல்ல நெருங்குகிறது. ஆனால் முகத்தைத் தேடிப் போகாமல் அந்த முகமூடியை நோக்கிப் போகிறது. ஒரு வண்டி வந்து நிற்க, அவன் ஏறிக்கொள்கிறான். படத்தின் வில்லன் ஜோக்கர் அவன்தான். காட்சி தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் அவனை நம் கண்ணெதிரே நிறுத்திவிட்டார்கள், நமக்குத்தான் தெரியவில்லை. அன்றைக்கு நோட்டில் எழுதிய ஒரே வரி: "ஒளித்துவைக்க இருட்டு தேவையில்லை."

மூன்றாம் நாள் படத்தைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேட்டேன். இசை ஹான்ஸ் சிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹோவர்டும் சேர்ந்து போட்டது. ஜோக்கருக்கென்று வழக்கமான மெட்டு எதையும் சிம்மர் வைக்கவில்லை. செல்லோவில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்து, அறுந்துவிடுமோ என்று பல் கூசும் அளவுக்கு இழுத்துக்கொண்டே போகிறார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால்தான் அது எப்படி நரம்புக்குள் இறங்குகிறது என்று தெரிகிறது. கொள்ளையர்களின் பேச்சும் அன்றுதான் சரியாகக் காதில் விழுந்தது. வண்டிக்குள் இருப்பவர்கள் பங்குக் கணக்குப் பேசுகிறார்கள்: இறங்கியிருப்பது ஐந்து பேர், திட்டம் போட்டவனுக்கும் ஒரு பங்கு உண்டு. மொட்டை மாடியில் இருப்பவன், அவனை ஏன் ஜோக்கர் என்கிறார்கள் என்று கேட்கிறான். முகத்தில் சாயம் பூசிக்கொள்வானாம் என்று பதில் வருகிறது. இரண்டு இடத்திலும் ஜோக்கரைப் பற்றித்தான் பேச்சு, இரண்டு இடத்திலும் அவன் பெயர் வந்து விழுகிறது, பேசுகிற யாரும் அவனைப் பார்த்தவர்களாகத் தெரியவில்லை. வண்டியில் அந்தப் பேச்சு நடக்கும்போது பக்கத்திலேயே முகமூடியோடு உட்கார்ந்திருப்பவன் வாயைத் திறப்பதே இல்லை.

என் படத்தில் பாட்டியின் குரல் செய்த வேலையும் இதே அறிமுகம்தான். ஆனால் பாட்டி எல்லாம் தெரிந்தவளாகப் பேசினாள். இவர்கள் தெரியாதவர்களாகப் பேசுகிறார்கள். கேட்கிறவனுக்கு ஆவல் எங்கே பிறக்கும் என்று அந்த இரவுதான் புரிந்தது.

நான்காம் நாளிலிருந்து ஒரு பேரேடு மாதிரி எழுத ஆரம்பித்தேன். யார் எங்கே நிற்கிறார்கள், யார் செத்தார்கள், அதற்கு முன் என்ன சொல்லிவிட்டுச் செத்தார்கள். எழுத எழுத ஒரு ஒழுங்கு தெரிந்தது. அலாரத்தை அறுத்தவன் அது போலீசுக்குப் போகவில்லை, ஏதோ தனி எண்ணுக்குப் போகிறது என்று சொல்கிறான். வேலை முடிந்ததும் கூட்டாளியே சுட்டுவிடுகிறான். பெட்டகத்தைத் துளைப்பவன், இதில் ஐயாயிரம் வோல்ட் வைத்திருக்கிறார்கள், எந்த வங்கி இப்படிச் செய்யும் என்று கேட்கிறான். அவனும் வேலை முடிந்ததும் காலி. மாஃபியாவின் வங்கி என்று ஒரே வரியில் பதில் வருகிறது, அதற்கு மேல் யாரும் நம்மிடம் வந்து விளக்கவில்லை. ஆளாளுக்கு ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேருகிறார்கள். ஆள் குறையக் குறைய, மிச்சம் இருப்பவன் யார் என்ற கேள்வி தானாகப் பெரிதாகிறது.

இதற்கு நடுவில் ஒரு தலையசைப்பு இருக்கிறது. வங்கி மேலாளர் துப்பாக்கியோடு வெளியே வந்து சுட ஆரம்பிக்கிறார். வில்லியம் ஃபிக்ட்னர் நடித்த பாத்திரம். முகமூடிக்காரர்கள் இரண்டு பேர் மேசை மறைவில் பதுங்குகிறார்கள். குண்டு தீர்ந்துவிட்டதுதானே என்று ஒருவன் கேட்க, மற்றவன் ஆமாம் என்று தலையை ஆட்டுகிறான். நம்பி எழுந்தவன் தோளில் அடுத்த குண்டு உரசிக்கொண்டு போகிறது. மேலாளர் மறுபடி குண்டு போட வேண்டிய நேரம் வந்ததும், தலையாட்டியவன் நிதானமாக எழுந்து அவரைச் சுடுகிறான். வசனம் கிடையாது. முகமும் தெரியவில்லை, ரப்பர் முகமூடி மட்டும்தான். ஆனாலும் அடுத்தவன் உயிர் அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை என்பது அந்த ஒரு அசைவில் தெரிந்துவிடுகிறது. எனக்குத் தெரிந்து, ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் அந்தப் படத்தில் செய்த மிக நுட்பமான நடிப்பு இது. முகமே இல்லாமல் செய்தது.

பள்ளிப் பேருந்து சுவரை உடைத்துக்கொண்டு பின்பக்கமாக உள்ளே வருவது எல்லோருக்கும் நினைவிருக்கும். அதைப் பற்றி நான் அதிகம் எழுதிக்கொள்ளவில்லை. அதற்கு முந்தைய நொடியில், பேருந்து ஓட்டுநரைத்தான் நான் கொல்வேன் என்று ஜோக்கர் சொல்ல, எந்தப் பேருந்து ஓட்டுநர் என்று எதிரில் நிற்பவன் குழம்பும் அந்தச் சின்ன இடைவெளியைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

கடைசியில் முகமூடி கழற்றப்படுகிறது, முகம் திரை நிறைய வருகிறது. இந்தக் காட்சி முழுவதையும் மிகப் பெரிய திரைக்கான ஐமேக்ஸ் கேமராவில் எடுத்தார்கள், ஒளிப்பதிவு வாலி ஃபிஸ்டர். அந்தப் பிலிமின் ஒரு பிரேம் வழக்கமான 35 மி.மீ. பிரேமைவிட ஏறக்குறைய பத்து மடங்கு பெரியது. கேமரா கனமானது, சத்தம் போடும், ஒரு சுருள் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். இவ்வளவு சிரமப்பட்டு, அந்தப் பெரிய பிரேமில் ஐந்து நிமிடம் சிகாகோ நகரத்தையும் வங்கியாக மாற்றிய பழைய அஞ்சலகக் கட்டடத்தையும் காட்டிவிட்டு, பிறகு ஒரு முகத்தை வைக்கிறார்கள். சாயத்தின் வெடிப்பு, உதட்டோரத் தழும்பு எல்லாம் தெரிகிறது. ஒளித்து வைத்ததற்கெல்லாம் அங்கே வட்டியோடு கணக்குத் தீர்கிறது. 2007 டிசம்பரில், முழுப் படம் வருவதற்கு ஏழு மாதம் முன்பே, இந்தத் துண்டை மட்டும் ஐமேக்ஸ் அரங்குகளில் தனியாகப் போட்டார்கள். தனியாக நிற்கும் அளவுக்கு அதற்குள்ளேயே ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கிறது. நாயகனோ அதில் ஒரு பிரேமில்கூட வரவில்லை.

பன்னிரண்டாம் நாள் ஒளிப்பதிவு செய்த நண்பனைக் கூப்பிட்டு, பாட்டியின் குரலையும் பனைமரத்தையும் எடுத்துவிடப் போகிறேன் என்றேன். "மச்சான், அந்த மரத்துக்கு நாலு நாள் அலைஞ்சோம்டா" என்றான். அவன் வருத்தம் எனக்கும் இருந்தது. அந்த மரம் அழகாக வந்திருந்தது. ஆனால் இடி விழுந்ததைப் பார்த்த பிறகு இவன் யார் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று ஷாட் மட்டும் புதிதாக எடுத்தோம். மதிய வெயிலில் ஆளில்லாத தெரு, டிரான்ஸ்பார்மரின் சின்ன உறுமல், அது சட்டென்று நிற்பது. டீக்கடையில் இரண்டு பேர், "அந்த ஆளு கையுறையே போடமாட்டானாம்ல" என்று பேசிக்கொள்வது. கம்பத்தில் ஏறுகிறவனின் முதுகும், கட்டிங் பிளேயர் பிடித்த வெறுங்கையும். முகத்தை நான்காவது நிமிடத்துக்குத் தள்ளிவிட்டேன். இசையையும் அதுவரை எடுத்துவிட்டு, டிரான்ஸ்பார்மரின் உறுமலை மட்டும் மெல்ல ஏற்றிக்கொண்டே போனேன். தொடக்கம் முன்பு இருந்ததைவிட ஐம்பது நொடி நீளமாகிவிட்டது.

அதே மாடி அறையில் மறுபடி போட்டோம். இந்த முறை நான் திரையைப் பார்க்கவில்லை, சுவரோரம் நின்று முன்வரிசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரான்ஸ்பார்மர் சத்தம் நின்றபோது ஒரு பெரியவர் தலையைத் தூக்கி அறையின் மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது. பிறகு அவர் திரைக்குத் திரும்பினார், லைன்மேன் கீழே இறங்கி முகத்தைக் காட்டும்வரை அசையவில்லை.