நங்கூரச் சங்கிலிக்கு மறுபடி துத்தநாகப் பூச்சு: லங்காவியில் செய்து பார்த்தது

மூன்று மாதமாக எனக்கு விண்ட்லாஸ் மேல்தான், அதாவது சங்கிலியை இழுத்து நங்கூரத்தைத் தூக்கும் சக்கர எந்திரத்தின் மேல்தான் சந்தேகம். நங்கூரத்தைத் தூக்கும்போது, கடைசியாக மேலே வரும், நங்கூரத்தை ஒட்டிய பத்து மீட்டரில் சங்கிலி சக்கரத்தின் பள்ளத்தில் உட்காராமல் டக் டக்கென்று துள்ளும். லங்காவியின் குவா விரிகுடாவில் ஒரு விடியற்காலை, சுமாத்ரா பக்கமிருந்து வரும் திடீர்ப் புயல்காற்று அடித்து ஓய்ந்த கையோடு நங்கூரம் எடுத்தேன். துள்ளிய சங்கிலி நாலு மீட்டர் சரசரவென்று திரும்பக் கடலுக்குள் ஓடிவிட்டது. கை பக்கத்தில் இருந்திருந்தால் விரல் போயிருக்கும். சக்கரம் தேய்ந்துவிட்டது, புதிதாக வாங்க வேண்டியதுதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வாங்குவதற்கு முன்னால் சங்கிலியை முழுதாக வெளியே இழுத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று.

படகு 32 அடி. சங்கிலி 8 மி.மீ., தரம் 40, மொத்தம் 60 மீட்டர். மீட்டருக்குச் சுமார் 1.4 கிலோ. வருடத்தில் பாதி நாள் நங்கூரத்திலேயே கிடக்கும் படகு இது; சங்கிலிக்கு வயது ஆறு. ஜெட்டியில் வரிசை வரிசையாக மடித்துப் போட்டு, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டேன்.

படகில் சங்கிலியைப் போட்டுவைக்கும் அறைக்குள் அடியில் கிடந்த கடைசி 15 மீட்டர் பார்க்கவே சகிக்கவில்லை. செம்பழுப்புத் துரு, கையில் எடுத்தால் செதில் செதிலாக உதிர்ந்தது. நங்கூரத்தை ஒட்டிய முன்பகுதியோ சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருந்தது. சரி, பின்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எவரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

அப்புறம் வெர்னியர் காலிபரை எடுத்தேன். துருப்பிடித்த பகுதியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு அளந்தால் 7.7 மி.மீ. துரு என்னவோ பயங்கரமாகத் தெரிந்தது, ஆனால் தின்றது கொஞ்சம்தான். அடுத்து, சுத்தமாகத் தெரிந்த முன்பகுதி. கண்ணியின் நேரான பக்கம் 7.8. இரண்டு கண்ணிகளையும் தளர்த்தி, ஒன்றோடொன்று உரசும் வளைவை அளந்தபோது 7.1. அந்த இடத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தேன். உட்புறம் எண்ணெய் தடவியதுபோல மின்னியது, நடுவில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு குழி. துருவே இல்லை. துருப்பிடிக்க நேரம் கிடைத்தால்தானே! மணலும் கண்ணியும் சேர்ந்து அரைத்துக்கொண்டே இருந்திருக்கின்றன.

தடிமனில் பத்து சதவீதம் போனால் சங்கிலியை மாற்ற வேண்டும் என்பது பலரும் வைத்திருக்கும் கணக்கு. 8 மி.மீ.க்கு அது 7.2. கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் பலம் குறுக்குவெட்டுப் பரப்பைப் பொறுத்தது. பத்து சதவீதத் தடிமன் போனால் பரப்பில் 19 சதவீதம் போய்விடுகிறது. தரம் 40 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 400 நியூட்டன். புதிதில் ஏறக்குறைய 4 டன் தாங்கியது இப்போது தாங்காது.

துள்ளலுக்கும் இங்கேதான் விடை கிடைத்தது. ஒரு கண்ணியின் உள்நீளம் 24 மி.மீ., அதனால் 20 கண்ணியை இழுத்துப் பிடித்து அளந்தால் 48 செ.மீ. வரவேண்டும். பின்பகுதியில் 48.1. முன்பகுதியில் 50.5! உள்வளைவு தேயத் தேயக் கண்ணி நீண்டுகொண்டே போகும், சக்கரத்தின் பள்ளமோ அதே இடத்தில் இருக்கும். பாவம், சக்கரத்தின் மேல் பழி போட்டிருந்தேன். காலிபர் இல்லாதவர்கள் ஒரு டேப்பை வைத்து இந்த ஒரு அளவை மட்டுமாவது எடுத்துப் பாருங்கள்.

முன்பகுதி 12 மீட்டரை வெட்டினேன். நங்கூரத்துக்கும் சங்கிலிக்கும் நடுவில் இருந்த துருப்பிடிக்காத எஃகு ஸ்விவலையும் (முறுக்கு விழாமல் சுழலும் இணைப்பு) எடுத்துவிட்டேன். அதை ஒட்டிய ஏழெட்டுக் கண்ணியில்தான் துத்தநாகம் சுத்தமாகக் காணாமல் போயிருந்தது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டு கிடந்தால் துத்தநாகம்தான் கரையும். அதன் வேலையே இரும்புக்குப் பதிலாகத் தான் கரைவது. பக்கத்தில் எஃகும் சேர்ந்தால் அதற்கும் சேர்த்துக் கரைகிறது. குவாவின் கருஞ்சேறு வேறு. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறதே, அது காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா உண்டாக்கும் வாயு. பூச்சையும் இரும்பையும் அதுவும் அரிக்கிறது.

மீதி 48 மீட்டரைக் காரில் போட்டு ஃபெரியில் ஏற்றி, மலேசியப் பெருநிலத்தில் ஒரு கால்வனைஸ் (துத்தநாகப் பூச்சு) பட்டறைக்குக் கொண்டுபோனேன். எடைக்கணக்கில்தான் கூலி. மேற்பார்வையாளர் நம்மவர். "அண்ணே, மீட்டர் அடையாளத்துக்கு அடிச்ச பெயிண்ட்டை எல்லாம் சுரண்டிட்டு வாங்க. ஆசிட் துருவைத் தின்னும், பெயிண்ட்டைத் தின்னாது. அந்த இடத்துல பூச்சு ஒட்டாது" என்றார். வாசலிலேயே உட்கார்ந்து ஒரு மணி நேரம் சுரண்டினேன். சங்கிலி என்ன தரம் என்றும் கேட்டார். தரம் 70 மாதிரி வெப்பப் பதம் கொடுத்த சங்கிலியாக இருந்தால் ஆசிட்டும் சூடும் அதன் பலத்தைக் குறைத்துவிடும். தரம் 30, 40க்கு அந்தப் பயம் பெரிதாக இல்லை.

ஆசிட், பிறகு துத்தநாகம் ஒட்ட உதவும் ஃபிளக்ஸ் கரைசல், பிறகு 450 டிகிரியில் உருகிக் கிடக்கும் துத்தநாகத்தில் முக்கல். வெளியே எடுத்ததும் குலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்ணிகள் ஒட்டிக்கொள்ளும். எனக்கு நாற்பது கண்ணிபோல ஒட்டித்தான் வந்தன. மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிப் பிரித்தேன். உள்ளே சொட்டிக் காய்ந்த முட்களை அரத்தால் ராவினேன். பூச்சின் கனமே ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பதால் பார்த்துப் பார்த்துத்தான் ராவ வேண்டியிருந்தது.

திரும்பிப் பூட்டும்போது தலையை வாலாக்கினேன். அறைக்குள் துருப்பிடித்துக் கிடந்த முனைதான் இப்போது நங்கூரத்தில். நடுவே கால்வனைஸ் ஷேக்கிள் (ஆணி போட்டுப் பூட்டும் U வடிவக் கொக்கி) ஒன்று மட்டும். ஆணி கழன்றுவிடாமல் கால்வனைஸ் கம்பியாலேயே கட்டினேன். மறுமுனையில் 30 மீட்டர் நைலான் கயிறு. அவசரத்தில் கத்தியால் அறுத்துவிட்டு ஓடலாம். மீட்டர் அடையாளத்துக்குப் பெயிண்ட் வேண்டாம் என்று வண்ணக் கேபிள் டை.

சங்கிலி அறையின் அடியில் ரப்பர் பாய் விரித்து, தண்ணீர் வடியும் துளையையும் குத்திச் சுத்தம் செய்தேன். ஈரமும் உப்புமாகக் காற்றுப் புகாமல் கிடந்தால் முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், அப்புறம்தான் சிவக்கும். இப்போது ஒவ்வொரு முறை தூக்கும்போதும் வாளி வாளியாக ஊற்றிச் சேற்றைக் கழுவிய பிறகுதான் உள்ளே விடுகிறேன்.

எட்டு மாதம் ஆகிறது. நேற்று ரெபாக் தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் எடுத்தபோது முன்பகுதியை அளந்தேன். 20 கண்ணிக்கு 48.1. வளைவுகளில் பளபளப்பு ஆரம்பித்திருக்கிறது, குழி இன்னும் விழவில்லை. பழைய சக்கரம்தான், ஒரு கண்ணிகூடத் துள்ளவில்லை.