யோகா வகுப்பும் டியூட்டி ரோஸ்டரும்

தனியார் மருத்துவமனைகளில் ‘ஊழியர் நலத் திட்டம்’ என்ற ஒன்று இப்போது பரவலாகி வருகிறது. காலையில் அரை மணி நேர யோகா, மன அழுத்தத்தைச் சமாளிப்பது பற்றிய உரை, நடக்கும் அடிகளை எண்ணும் செயலி, செவிலியர் தினத்தன்று இலவச ரத்தப் பரிசோதனை என அது பல வடிவங்களில் நடக்கிறது. வார்டில் நெடுங்காலம் பணியாற்றி, பிறகு வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் சிஸ்டராக, யார் எந்த நேரம் பணியாற்றுவது என்ற அட்டவணையான டியூட்டி ரோஸ்டரைப் போடும் பொறுப்பையும் ஏற்றவள் என்ற முறையில் எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. செவிலியரின் உடல்நலத்தை முதலில் தீர்மானிப்பது அந்த ரோஸ்டர்தான். அதைத் தொடாத திட்டத்தால் அவர்களுக்குப் பெரிய பயன் விளையாது.

நான் பணியாற்றிய ஒரு மருத்துவமனையில் யோகா வகுப்பு காலை எட்டரை மணிக்கு வைக்கப்பட்டது. முந்தைய இரவு எட்டு மணிக்கு வந்தவர்கள், அடுத்து வருபவர்களிடம் நோயாளிகளின் விவரங்களை ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவர் கொடுத்து முடிக்கவே எட்டரை ஆகிவிடும். அவர்களுக்கு அப்போது தேவைப்படுவது தூக்கம். காலை டியூட்டிக்கு வந்தவர்கள் ஊசி மருந்தும் ரவுண்ட்ஸுமாக இருக்கும் நேரத்தில் வார்டை விட்டு நகர முடியாது. மதியம் இரண்டு மணி டியூட்டிக்கு வர வேண்டியவர்கள் அதற்காக வீட்டு வேலையைப் போட்டுவிட்டு முன்கூட்டியே கிளம்பி வர வேண்டும். ஆகவே வகுப்பில் தொடர்ந்து கலந்துகொண்டவர்கள் பில்லிங், அலுவலகப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களே. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் ஒரு பணிக்கான திட்டத்தை, பகலில் மட்டும் வேலை செய்பவர்களை மனத்தில் வைத்து வகுத்ததன் விளைவு அது.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 2016-இல் தொடங்கிய ஆய்வு இதற்கு நெருக்கமான ஒன்றைக் காட்டியது. ஏறத்தாழ 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரை மட்டும் நலத் திட்டத்தில் சேர அழைத்தார்கள். சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏற்கெனவே ஆரோக்கியப் பழக்கங்களும் குறைந்த மருத்துவச் செலவும் உள்ளவர்கள் என்பது தெரியவந்தது. மருத்துவச் செலவிலோ, உடல்நலப் பழக்கங்களிலோ திட்டம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் கொண்டுவரவில்லை. 2024-இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வொன்று 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களின் பதில்களை ஆராய்ந்து, தனிமனிதரைப் பயிற்றுவிக்கும் மனநலத் திட்டங்களில் பங்கேற்றவர்கள் பங்கேற்காதவர்களைவிட நலமாக இருப்பதாகத் தெரியவில்லை என்று கூறியது.

மாறாக, ஒரு செவிலியர் கவனிக்க வேண்டிய நோயாளிகளின் எண்ணிக்கை பற்றிய சான்று மிக வலுவானது. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் செவிலியர் பணி பற்றிய ஆய்வாளர் லிண்டா ஐகென் குழுவினர் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செவிலியருக்குக் கூடுதலாக வரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதமும், செவிலியர் பணிச்சோர்வில் வீழும் வாய்ப்பு 23 சதவீதமும் உயர்வதாகத் தெரிந்தது. சோர்ந்துபோன செவிலியரும் ஆபத்திலிருக்கும் நோயாளியும் ஒரே காரணத்தால் பாதிக்கப்படுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? கலிஃபோர்னியா மாநிலம் 1999-இல் சட்டம் இயற்றி, 2004 முதல் செவிலியர்–நோயாளி விகிதத்தைக் கட்டாயமாக்கியது.

நம் நாட்டிலும் அளவீடு இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிமுறை பொது வார்டில் போதனா மருத்துவமனையென்றால் மூன்று நோயாளிகளுக்கும், மற்றவற்றில் ஐந்து நோயாளிகளுக்கும் ஒரு செவிலியர் வேண்டும் என்கிறது. அதற்கு மேல் விடுப்புகளை ஈடுகட்ட 30 சதவீதம் கூடுதல் ஆட்களும் வேண்டும். நான் ரோஸ்டர் போட்ட முப்பது படுக்கை வார்டில் இரவில் இருவர் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால், மாலை டியூட்டி பார்த்தவரையே தொடரச் சொல்வதைத் தவிர, அல்லது இரவு டியூட்டிகளை முடித்து ஓய்வில் (நைட் ஆஃபில்) இருப்பவரைத் தொலைபேசியில் எழுப்புவதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்ததில்லை. அந்த 30 சதவீதம் காகிதத்தில் மட்டும் இருப்பதன் பொருள் அதுதான். இடையில் கழிப்பறைக்குப் போக முடியாது என்பதால் டியூட்டி முடியும்வரை தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கும் பெண்களையும், அதனால் திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்கும் பெண்களையும் நான் அறிவேன். ‘போதிய தண்ணீர் அருந்துங்கள்’ என்ற சுவரொட்டியை அவர்கள் பார்வையில் ஒட்டிவைப்பது எனக்கு உண்மையாகவே வலித்தது.

பயனுள்ள நலத் திட்டங்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. மூன்று தவணை ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை விடாமல் போட்டுவிடுவதும், நோயாளிக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் கையில் குத்திய உடனே கேள்வி கேட்காமல் சிகிச்சை தருவதும், இரவு டியூட்டிக்கு வண்டி அனுப்புவதும் உயிரோடு தொடர்புடைய உதவிகள். மனநல ஆலோசனைகூட, குழந்தை நோயாளி ஒருவர் இறந்த வாரத்தில், டியூட்டி நேரத்துக்குள்ளேயே கிடைக்குமானால் பெரிய ஆறுதல்தான். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு உதவிச் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும், தாய் அங்கே நாளுக்கு நான்கு முறை சென்றுவர அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் வார்டில் தனக்குப் பதிலாக நிற்க ஆளில்லாத தாய் அந்த நான்கு முறையை எப்படிப் பயன்படுத்துவாள்? எனவே நிர்வாகம் நலத் திட்டத்துக்கு ஒதுக்கும் தொகையை என்ன செய்யலாம் என்று என்னிடம் கேட்டால், ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு ஷிஃப்டிலும் எந்த வார்டுக்கும் ஒதுக்கப்படாத ஒரு செவிலியரை முதலில் நியமிக்கச் சொல்வேன். ஆலோசகரையும் யோகா ஆசிரியரையும் அதற்குப் பிறகு அழைக்கலாம்.