உலக வரலாற்றுக்கு ஒரே ஊர் போதும்: பாக்தாத்

சிவில் சர்வீஸ் மெயின்ஸ் ரிசல்ட்டில் என் எண் இருக்கிறது. இப்போதுதான் மூச்சு வருகிறது. வரலாறு இரண்டாம் தாளுக்கு எப்படிப் படித்தாய் என்று கேட்கிறவர்களுக்காக இது.

அரபு நாடுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள், தங்காது. நான் பாக்தாத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஆட்சி மாறும்போதெல்லாம் அங்கிருந்த யூதர்களுக்கு என்ன நடந்தது என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன்.

ஈராக்கின் முதல் நிதி அமைச்சர் சாசூன் எஸ்கெல் ஒரு யூதர். 1941 ஏப்ரலில் முன்னாள் பிரதமர் ரஷீத் அலி ராணுவ அதிகாரிகளோடு சேர்ந்து ஆட்சியைப் பிடித்தார். மே கடைசியில் தப்பி ஓடினார். அவரை விரட்டிய பிரிட்டிஷ் படை ஊருக்குள் வராமல் வெளியே நின்றது. அந்த இடைவெளியில், ஜூன் 1, 2 தேதிகளில், யூதர்களின் வீடுகளும் கடைகளும் சூறையாடப்பட்டன. சுமார் 180 பேர் கொல்லப்பட்டார்கள். இதுதான் ஃபர்ஹூத். 1950-51இல் சுமார் 1,20,000 பேர் குடியுரிமையை இழந்து இஸ்ரேலுக்குப் போனார்கள்.

அப்புறம் 1958. மன்னராட்சியைக் கவிழ்த்த ராணுவ அதிகாரி காசிம், எஞ்சியிருந்த யூதர்கள் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இதைத்தான். புரட்சி என்றாலே சிறுபான்மைக்கு ஆபத்து என்று எழுதினால் 1958 இடிக்கும். 1968இல் அரபு தேசியவாதக் கட்சியான பாத் ஆட்சிக்கு வந்தது. 1969 ஜனவரியில் இஸ்ரேலின் உளவாளிகள் என்று சொல்லிப் பலரைப் பொதுச் சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். அதில் ஒன்பது பேர் யூதர்கள்.

மற்றவை சுருக்கமாக:

- டமாஸ்கஸ், 1840: ஒரு கத்தோலிக்கத் துறவி காணாமல் போக, பழி யூதர்கள் மேல் விழுந்தது. பிரெஞ்சு தூதரே அதற்குத் துணை நின்றார். ரத்தப் பழி (சடங்குக்காக யூதர்கள் கிறிஸ்தவர்களைக் கொல்கிறார்கள் என்ற பொய்) ஐரோப்பாவிலிருந்து வந்த சரக்கு என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் இல்லை.
- யூதர்கள் மீதான மத வெறுப்பு வேறு, 19ஆம் நூற்றாண்டின் இன வெறுப்பு வேறு. தனிப் பத்தி கொடுங்கள்.
- சியோனிச (யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட இயக்கம்) எதிர்ப்பையும் யூத வெறுப்பையும் ஒன்றாக்காதீர்கள். முதலாவது இரண்டாவதாக மாறிய இடத்தை மறைக்கவும் வேண்டாம். 1969 அப்படி ஓர் இடம்.
- 2010 டிசம்பர், துனிசியா (அரபு வசந்தப் போராட்டங்களின் தொடக்கம்): முடிவுரையில் ஒரு வரி போதும்.

பத்துப் புத்தகம் புரட்டுவது எனக்கு ஒத்துவராது. ஒரே நோட்டைத் திரும்பத் திரும்ப எழுதுகிறவர்களுக்கே இந்த வழி சரிப்படும். எழுதும்போது வருடத்தோடு மாதத்தையும் போடுங்கள். 1941இல் ஏப்ரல், மே, ஜூன் என்ற வரிசை தெரிந்தால் கேள்வி எப்படித் திரும்பினாலும் எழுதிவிடலாம்.