தாது வருஷப் பஞ்சத்தில் ஒரு காதல் படம் எடுப்பதென்றால்

பஞ்சப் பின்னணியில் காதல் படம் என்றதும் திரைக்கதைகள் ஒரே தடத்தில் போகின்றன. வெடித்த நிலம், வாடிய நாயகி, அவளை இறுக அணைக்கும் நாயகன், கடைசியில் கொட்டும் மழை. நிலம் வெடித்தது மட்டும்தான் இதில் உண்மை. மதராஸ் மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் என்று சொல்லப்படும் 1876–78 பஞ்சத்தை எடுத்துக்கொண்டு யாராவது கதை எழுதினால், பேனாவைத் திறக்கும் முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் இடம். 1876-இல் இரண்டு பருவமழையும் பொய்த்தன. பெல்லாரி, கர்நூல், கடப்பை, வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர், செங்கல்பட்டு என மானாவாரிப் பகுதிகள் சுருண்டு விழுந்தன. காவிரிப் பாசனம் இருந்த தஞ்சாவூர் அவ்வளவு அடிபடவில்லை. கோயில் கோபுரம் அழகாக இருக்கிறதே என்று கதையைக் கும்பகோணத்தில் வைக்காதீர்கள். சேலம் பக்கம் வைத்தால் ரயிலும் கிடைக்கும். ரயில் இந்தக் கதைக்கு அவசியம்.

ஏனென்றால் ரயிலில் ஏற்றி இறக்கத் தானியம் இருந்தது. 1877 பிப்ரவரியில் மதராஸ் கடற்கரையில் மூட்டைகள் மலைபோல அடுக்கிக் கிடந்ததற்குப் படமே இருக்கிறது. வாங்கத்தான் ஆளிடம் காசில்லை. ஆகவே முதல் காட்சிக்கு வயலைவிட தானியக் கடை பொருத்தம். அந்தக் காலத்தில் விலையை ‘ரூபாய்க்கு இத்தனை படி’ என்றுதான் சொல்வார்கள். கடைக்காரர் விலையை ஏற்றினார் என்று வசனம் எழுத வேண்டாம். வாரம் தவறாமல் அந்தப் படிக்கணக்கு குறைந்துகொண்டே வரட்டும். கடைசியில் ஆழாக்குக் கணக்கில் பேரம் நடக்கும்போது பார்வையாளருக்கு விளக்கம் தேவைப்படாது. (எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதை எங்காவது ஒரு பாட்டி வாயால் முன்பே சொல்லிவிடுங்கள்.)

இனி காதல். இங்கேதான் படங்கள் சறுக்குகின்றன. பட்டினி முற்றிய உடம்பில் காமம் இருக்காது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும். பஞ்சத்துக்கு அடுத்த வருஷம் பிறப்புகள் சரியும். 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்களை 24 வாரம் அரைப்பட்டினி போட்டு ஆராய்ந்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. பெண்கள் மீதிருந்த நாட்டம் போனது, சமையல் புத்தகம் படிக்கும் பழக்கம் வந்தது. சினிமாவுக்குப் போனால் காதல் காட்சி மனதில் பதியவில்லை, யார் என்ன சாப்பிட்டார்கள் என்பதுதான் பதிந்தது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு கனவுப் பாட்டு எழுதினால் எடுபடாது. பாட்டு வேண்டுமென்றால் முதல் அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

அந்தக் கலோரிக் கணக்கை மதராஸ் பஞ்சத்துக்குப் பொருத்திப் பாருங்கள். 1877 தொடக்கத்தில், பஞ்ச நிவாரணத்தை மேற்பார்வையிட வைஸ்ராய் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு நிர்ணயித்த கூலி, ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும். ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம், ஏறத்தாழ 1,600 கலோரி. இதை வாங்கிக்கொண்டு ஜல்லி உடைக்க வேண்டும், மண் சுமக்க வேண்டும். மாகாண சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், ஒன்றரைப் பவுண்டாவது வேண்டும், பருப்பும் காய்கறியும் வேண்டும் என்று எதிர்த்து எழுதினார். மார்ச்சில் அரசு பாதி வழி இறங்கி வந்து, கூலி 1.25 பவுண்டு தானியமும் கொஞ்சம் பருப்பும் ஆனது. வில்லன் தேடி அலைய வேண்டாம். இந்தக் கோப்புச் சண்டையே போதும்.

நாயகன் வேலைத்தலத்தில் வாங்குவதைத் துண்டில் முடிந்து வீட்டுக்கு அனுப்புகிறான், அவள் ‘நான் அப்பவே கஞ்சி குடிச்சிட்டேன்’ என்று பொய் சொல்கிறாள். இது பழைய காட்சிதான், ஆனால் வேலை செய்யும். அவன் நம்புகிறான், ஒரு ராத்திரி அவள் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரல் படுகிறது, விழுந்த குழி எழும்பாமல் அப்படியே நிற்கிறது. பட்டினியில் கால் வீங்கும், நீர் கோக்கும். ஒப்பனைக் கலைஞர் கன்னத்தை மட்டும் ஒடுக்கிவிட்டு காலை மறந்துவிடுவார், நினைவூட்டுங்கள். இன்னொன்று, பஞ்சத்தில் பெண்களைவிட ஆண்கள்தான் அதிகம் சாகிறார்கள். நாயகி செத்து நாயகன் அழும் முடிவு வழக்கத்துக்கு வேண்டுமானால் ஒத்துப்போகும், கணக்குக்கு ஒத்துப்போகாது.

வீடு காலியாகும் வரிசையும் முக்கியம். முதலில் வெண்கலப் பாத்திரம், நகை. தீவனம் இல்லாததால் மாடு சீக்கிரமே போய்விடும், அதுவும் அடிமாட்டு விலைக்கு. பிறகு கதவு, நிலை, கூரை மரம். தாலியில் இருக்கும் பொன் கடைசி. அதைக் கழற்றி விற்றுவிட்டு மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொள்வாள். அந்தக் காட்சியில் வசனமே வேண்டாம், பின்னணி இசையும் வேண்டாம்.

படப்பிடிப்பில் கண்ணில் குத்தும் தப்புகள் சில. வறட்சிக்கு ராமநாதபுரம் போவீர்கள், பின்னால் முழுக்க சீமைக்கருவேலம் நிற்கும். அது அந்த மண்ணை மூடியது இருபதாம் நூற்றாண்டில். பனை, உடைமரம், ஆவாரை, சப்பாத்திக்கள்ளி இருக்கும் இடமாகப் பாருங்கள். இலங்கைக்குப் பிழைக்கப் போகிறவர்களைக் காட்டினால் காப்பித் தோட்டத்தைக் காட்டுங்கள், தேயிலை பெரிதாக வந்தது அதற்குப் பின். மதராஸில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து எட்டு கிலோமீட்டருக்குக் கால்வாய் வெட்டியது இந்தப் பஞ்ச நிவாரண வேலையில்தான். அந்தக் கால்வாயின் பக்கிங்ஹாம் என்ற பெயர் அப்போதைய ஆளுநருடையது.

நடிகர் மெலிவது பற்றி: எடை குறைக்கத்தான் மாதக்கணக்காகும், ஏற்றுவது சுலபம். மருத்துவர் மேற்பார்வையில் முதலில் மெலியவைத்து இரண்டாம் பாதியை எடுத்து முடியுங்கள், பிறகு முதல் பாதி. குழந்தை நடிகர்களை மெலியவைக்கவே கூடாது. ஒப்பனையும் ஒளியும் கோணமும் பார்த்துக்கொள்ளட்டும். காய்ந்து கிடந்தவனுக்கு ஒரே வேளையில் வயிறு முட்டச் சோறு போடும் ஆனந்தக் காட்சியையும் எடுத்துவிடுங்கள். அப்படிச் சாப்பிட்டால் ஆள் செத்தே போகலாம். கஞ்சித் தண்ணியாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கெட்டியாக்க வேண்டும்.

மழையில் படத்தை முடிக்கும் ஆசை எல்லாருக்கும் வரும். 1877-இல் மழை திரும்பிய பிறகும் சாவு நிற்கவில்லை. எதிர்ப்புச் சக்தி அற்ற உடம்புகளை மலேரியாக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. பிழைத்தவனுக்கும் உழ மாடில்லை, விதை நெல்லைச் சாப்பிட்டாகிவிட்டது. மழையைக் கடைசிக் காட்சியாக வைக்காமல் அதற்குப் பின் குறைந்தது இருபது நிமிடம் ஒதுக்கிக் கதையை எழுதுங்கள். அவளோ அவனோ யாருக்குக் காய்ச்சல் வரப்போகிறது என்பதை அங்கேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும்.