அப்பாவின் லேப்டாப்பில் காணாமல் போன 86 ஜிபி

போன வாரம் அப்பா போன் செய்தார். "ஏல, சி டிரைவ் செவப்பா காட்டுது, வைஃபைல என்னென்னமோ பேரு வருது, எவனோ உள்ள பூந்துட்டாம்ல." குரலில் நிஜமாகவே பயம் இருந்தது. சனிக்கிழமை பாளையங்கோட்டைக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். அந்த இரண்டுக்கும் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, ஆனால் ஒரே நாளில் இரண்டும் கண்ணில் பட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

முதலில் டிஸ்க். பெட்டியில் 256 ஜிபி என்று போட்டிருக்கும், விண்டோஸ் 238 என்றுதான் காட்டும். இது திருட்டு இல்லை. தயாரிப்பவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 கணக்கில் எண்ணுகிறது, அவ்வளவுதான். அந்த 238-இல் 2 ஜிபிதான் காலி. சி டிரைவுக்குள் எல்லா ஃபோல்டர்களையும் செலக்ட் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் மொத்தமே 150 வருகிறது. மீதி 86 ஜிபி எங்கே?

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு கண்ணில் பட்டதையெல்லாம் அழிக்க ஆரம்பிக்கிறார்கள். அப்பாவும் அதைத்தான் செய்திருந்தார். தங்கை கல்யாண போட்டோக்கள், வீடியோக்கள், மொத்தம் 12 ஜிபி. "அழிச்சும் இடம் கூடலயே" என்றார். கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. ஆனால் இடம் கூடவில்லை என்றால் அவை இன்னும் டிஸ்கிலேயே இருக்கின்றன என்றுதானே அர்த்தம்? ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன், அத்தனையும் அங்கே இருந்தன. அதற்கும் ஓர் உச்சவரம்பு உண்டு, அதைத் தாண்டினால் பழையவை தானாகவே போய்விடும். அதனால் வேறு எதையும் தொடுவதற்கு முன் எல்லாவற்றையும் ரீஸ்டோர் செய்து ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் ஏற்றினேன். சரியாக ஏறியிருக்கிறதா என்று பத்துப் பதினைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் லேப்டாப்பில் இருந்ததை நிரந்தரமாக நீக்கினேன்.

அப்புறம் விஸ்ட்ரீ. இலவச மென்பொருள், டிஸ்கின் கோப்பு அட்டவணையையே நேரடியாகப் படிப்பதால் எந்த ஃபோல்டர் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்ற முழுப் படமும் சில நொடிகளில் வந்துவிடும். ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள், இல்லையென்றால் மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் கணக்கில் வராமல் போகலாம். லேப்டாப் உறங்கப் போகும்போது நினைவகத்தில் இருப்பதை எழுதி வைக்கும் ஹைபர்னேட் கோப்பு 3 ஜிபி (8 ஜிபி ராமில் சுமார் 40 சதவீதம், அது இயல்பானது), ராம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைல் 5. பெரிய ஆள் வேறு: சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன் என்ற ஃபோல்டர், 66 ஜிபி! ரீஸ்டோர் பாயிண்ட்கள், அதாவது ஏதாவது கெட்டால் விண்டோஸைப் பழைய நிலைக்குக் கொண்டுபோக எடுத்து வைக்கும் பதிவுகள், அங்கேதான் சேர்கின்றன. சாதாரணமாகத் திறந்தால் அனுமதி இல்லை என்று சொல்லிவிடும், அதனால்தான் 150-இல் அது சேரவில்லை. இந்த மூன்றோடு ரீசைக்கிள் பின்னில் இருந்த 12-ஐயும் கூட்டினால் அந்த 86 வந்துவிடுகிறது.

கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் புரொடெக்‌ஷனுக்குப் போனால், அதற்கு ஒதுக்கிய அளவு 30 சதவீதத்தில் நின்றது. விண்டோஸ் போட்டுக் கொடுத்த கடையில் வைத்தார்களோ என்னவோ. 5 சதவீதத்துக்கு இறக்கினேன், பழைய பாயிண்ட்கள் தானாக நீங்கின. மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள், ஒரு அப்டேட் சொதப்பினால் அதுதான் காப்பாற்றும். அதேபோல, பெரிதாகத் தெரிகிறதே என்று, விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் (WinSxS) ஃபோல்டரைக் கையால் அழிக்கவே கூடாது. அங்கே இருப்பதில் பாதி வேறு இடத்திலும் இருக்கிற அதே கோப்புதான், எக்ஸ்புளோரர் இரண்டு முறை எண்ணிவிடுகிறது. இப்போது 68 ஜிபி காலி.

இனி வைஃபை. பட்டியலில் ஒரு பெயர் தெரிகிறது என்றால் அது நம் வீட்டு நெட்வொர்க்குக்குள் நுழைந்துவிட்டது என்று அர்த்தமில்லை. அடுத்த வீட்டு ரேடியோ சத்தம் நம் வீட்டில் கேட்பது மாதிரிதான், அலை சுவரைத் தாண்டி வருகிறது. அப்பாவைப் பயமுறுத்தியது "டைரக்ட்" என்று தொடங்கி எண்களாக ஓடிய ஒரு பெயர். போனில் வைஃபை அனலைசர் ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு முழுக்க நடந்தேன். அந்தப் பெயரின் சிக்னல் அளவு ஹாலில் மைனஸ் 60, அடுக்களைப் பக்கம் மைனஸ் 72, உள் அறைக்குள் போனதும் மைனஸ் 30. பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பக்கத்தில் இருக்கிறது என்று கணக்கு. அங்கே அலமாரி மேல் இருந்தது தங்கை பையனுக்காக வாங்கிய பிரிண்டர். பிளக்கைப் பிடுங்கினேன், சில நிமிடத்தில் பெயர் பட்டியலில் இல்லை. போன் நேராகப் பிரிண்டரோடு பேசுவதற்காக அதுவே ஒரு வைஃபை விடுகிறது. அப்பாவையே பிளக்கை மாட்டிக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன், அப்போதுதான் அவர் முகம் தெளிந்தது. அந்த வசதி எங்களுக்குத் தேவைப்படவில்லை, பிரிண்டரின் மெனுவில் அணைத்துவிட்டேன்.

உண்மையில் பார்க்க வேண்டியது பிரவுசரில் திறக்கும் ரவுட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கும் இணைந்த சாதனங்களின் பட்டியலை. அங்கே ஆறு இருந்தன, ஒன்று யாருடையது என்று தெரியவில்லை. ஒவ்வொரு சாதனத்துக்கும் நெட்வொர்க்கில் உள்ள அடையாள எண்தான் மேக் முகவரி, அதன் மேக் முகவரியின் இரண்டாவது எழுத்து ஏ (A). அந்த இடத்தில் 2, 6, ஏ (A), இ (E) வந்தால் பெரும்பாலும் போன் தானாகப் போட்டுக்கொண்ட தற்காலிக முகவரி. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 தொடங்கி இதுதான் வழக்கம். அம்மாவின் போனில் வைஃபையை அணைத்தேன், ஆறு ஐந்தானது. இருந்தாலும் பாஸ்வேர்டை மாற்றினேன், ஏனென்றால் அதுவரை ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்ததுதான் பாஸ்வேர்டு, வந்து போன எல்லோருக்கும் தெரியும்.

கல்யாண போட்டோக்களை இன்னொரு பென் டிரைவிலும் ஏற்றி தங்கையிடம் கொடுத்துவிட்டுத்தான் ரயில் ஏறினேன்.