ஏழு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஒரு நேர்காணல்

வகுப்பறை உதவியாளர் பணிக்கான நேர்காணலுக்கு அழைப்பு வந்ததும் நான் முதலில் எழுத உட்கார்ந்தது, வேலையில் இல்லாத ஏழு ஆண்டுகளுக்கான விளக்கத்தைத்தான். பிள்ளை வளர்ப்பு, மாமியாரின் நீண்ட நோய் என்று ஒரு பக்கம் எழுதி வாசித்துப் பார்த்தபோது, அது மன்னிப்புக் கடிதம் போல இருந்தது. அதைக் கிழித்துவிட்டு, “குடும்பப் பொறுப்புக்காக ஏழு ஆண்டுகள் விலகியிருந்தேன், இப்போது முழுநேரம் பணியாற்ற என்னால் முடியும்” என்பதோடு நிறுத்திக்கொண்டேன். சான்றிதழ்கள், என்னைப் பற்றிச் சொல்லக்கூடிய இருவரின் விவரங்கள், பின்னணிச் சரிபார்ப்புக்கான ஆவணங்கள் எல்லாம் ஒரே மாலையில் கோப்பில் சேர்ந்தன.

மீதி நாள்களை அந்த வேலையைப் புரிந்துகொள்ளவே செலவிட்டேன். குழந்தைகளுக்கு உதவுவது என்றால் எனக்குத் தெரியாததா என்று நினைத்திருந்த எனக்கு, என் மகனின் கணக்கு நோட்டுதான் பாடம் சொன்னது. 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் அவன் 35 என்று எழுதியிருந்தான். 2-இலிருந்து 7 போகாது என்பதால், 7-இலிருந்து 2-ஐக் கழித்துவிட்டான். அழிப்பானை எடுக்க நீண்ட என் கையை இழுத்துக்கொண்டு, தீக்குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டு ஐந்து கட்டுகளாக்கி, இரண்டு உதிரிக் குச்சிகளோடு அவன் முன் வைத்து, 27 குச்சிகள் தரும்படி கேட்டேன். இரண்டு கட்டுகளைத் தந்தான். பிறகு உதிரியாகக் கிடந்த இரண்டையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் மூன்றாவது கட்டின் ரப்பர் பேண்டைத் தானே கழற்றினான்.

இத்தகைய உதவிக்கு வுட், புரூனர், ராஸ் என்னும் மூன்று ஆய்வாளர்கள் 1976-இல் வைத்த பெயர் ‘சாரம்’. கட்டடம் எழும்போது கட்டி, அது தானாக நிற்கத் தொடங்கியதும் பிரித்துவிடும் அதே சாரம்தான். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே குழந்தைகளின் பதில்கள் நீள்கின்றன என்றும் மேரி பட் ரோ என்னும் கல்வி ஆய்வாளர் கண்டறிந்ததைப் படித்த பிறகு, மனத்துக்குள் மூன்று வரை எண்ணிப் பழகினேன். சொல்லும்போது எளிதாகத் தெரியும் இது, உதவத் துடிக்கும் ஒருவருக்கு மிகவும் கடினம்.

நேர்காணலில் வரலாம் என்று நான் எதிர்பார்த்த ஒரு கேள்விக்கு என் தாய்மனம் தவறான பதிலையே முதலில் தந்தது. “யாரிடமும் சொல்ல மாட்டீர்கள்தானே?” என்று கேட்டு ஒரு குழந்தை தன் துன்பத்தைச் சொல்ல வந்தால் என்ன செய்வீர்கள்? சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. துருவித் துருவிக் கேட்காமல் பொறுமையாகக் கேட்டு, உன்னைப் பாதுகாக்க வேண்டியவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும் என்று அன்போடு விளக்கி, குழந்தையின் சொற்களை அப்படியே தேதியும் நேரமும் இட்டு எழுதி, பள்ளியில் அதற்கென உள்ள பொறுப்பாளரிடம் தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும். இதைக் கண்ணாடி முன் நின்று பலமுறை சொல்லிப் பார்த்தேன்.

நேர்காணலில் இடைவெளியைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் வந்தது. என் பதிலைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு மேலே சென்றார்கள். தீக்குச்சிக் கட்டைப் பற்றிச் சொன்னபோதுதான் ஓர் ஆசிரியை குறிப்பெழுதுவதை நிறுத்தி, அவன் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னேன்.